பேனலில் நாய்ஸும் எர்த் சிக்கலும்: துவாஸ், ஜூரோங் ஆலைகளுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தொட்டியில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. திரையில் 2.10 மீட்டர். பக்கத்துப் பம்ப் ஓடத் தொடங்கிய அடுத்த நொடி திரை 2.70 காட்டுகிறது, பிறகு 2.30, மறுபடி 2.65. அலாரம் அடிக்கிறது. பம்பை நிறுத்தினால் அளவு சமர்த்தாக 2.10க்குத் திரும்பிவிடுகிறது.

துவாஸ் பக்கம் ஓர் ஆலையில் இதோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். முதலில் லெவல் டிரான்ஸ்மிட்டரை (நீர்மட்டத்தை அளந்து சிக்னலாக அனுப்பும் கருவி) மாற்றினேன். அப்புறம் பி.எல்.சி.யின் (ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) அனலாக் கார்டை மாற்றினேன். இரண்டும் நல்லவைதான், வீணாகக் கழற்றினேன். கடைசியில் இரவு ஷிஃப்டில் இருந்த மூத்த டெக்னீஷியன் அண்ணன் ஒருவர், “தம்பி, எது ஓடும்போது வருது, எப்ப நிக்குது, எழுதி வச்சிருக்கியா?” என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. அன்று இரவு எழுதத் தொடங்கினேன். நான்காம் நாள் காரணம் கிடைத்துவிட்டது.

இப்படிச் சிக்னலில் கலந்து அளவை ஆட்டும் தேவையற்ற மின் குறுக்கீட்டைத்தான் நாய்ஸ் என்கிறோம். உங்களுக்கு அந்த மூன்று வாரம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பேனல் வயரிங், இன்ஸ்ட்ருமென்ட் வேலை தெரிந்து, சிங்கப்பூர் ஆலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களை மனத்தில் வைத்திருக்கிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். பொருள் வாங்குவது கடைசியில்தான்.

படி 1. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் நேரத்தை எழுதுங்கள்

ஒரு நோட்டில் மூன்று பத்தி போதும்: பிழை வந்த நேரம், அப்போது ஓடிய மோட்டார்கள், அளவு எவ்வளவு தாவியது. இரண்டு ஷிஃப்ட் எழுதினால் ஓர் ஒழுங்கு தெரியும். குறிப்பிட்ட இன்வெர்ட்டர் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) ஓடும் நேரமெல்லாம் அளவு ஆடுகிறதா? அப்படியானால் அந்த இன்வெர்ட்டரோ அதன் மோட்டார் கேபிளோதான் சந்தேகத்துக்குரியது. கான்டாக்டர் (காயிலால் இயங்கும் மோட்டார் சுவிட்ச்) விழும் கணத்தில் மட்டும் ஒரு துள்ளல் வந்தால் அதன் காயில் பக்கம் பார்க்க வேண்டும். எந்நேரமும் ஒரே அளவு தள்ளிக் காட்டினால் பெரும்பாலும் எர்த் வளையம், அதாவது இரண்டு இடத்தில் எர்த் செய்ததால் கரண்ட் சுற்றுவது.

டிரெண்ட் பதிவு இருக்கும் ஆலையில் இது இன்னும் எளிது. லெவல் சிக்னலையும் மோட்டார் ஓட்ட நிலையையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு புள்ளி எடுக்கும் பதிவில் துள்ளல் விழாது, ஒரு நொடிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

படி 2. காகிதங்களும் ஆட்களும்

இதில்தான் புதியவர்கள் நாள்களை இழக்கிறார்கள். பேனலைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: இடர் மதிப்பீடு, வேலை முறை எழுதிய தாள், பெர்மிட் (வேலை அனுமதித் தாள்), வேறு யாரும் சப்ளையை ஆன் செய்யாமலிருக்க ஒரு பூட்டு, ஒரு டேக், பேனலின் கடைசி டிராயிங். இடர் மதிப்பீடு வேலையிடப் பாதுகாப்பு விதிகளின்படி கட்டாயம். மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைப் புதுப்பித்திருக்க வேண்டும். பழைய தேதியோடு போனால் பாதுகாப்பு அதிகாரி திருப்பி அனுப்புவார், அது நியாயமும்கூட. நான் வேலை செய்த ஆலைகளில் மறுநாள் வேலைக்கு முந்தைய நாள் மதியத்துக்குள் பெர்மிட் கேட்டாக வேண்டும். காலையில் வந்து கேட்டால் அந்த நாள் போச்சு.

ஆலையின் மின் நிறுவலுக்குப் பொறுப்பான உரிமம் பெற்ற மின் பணியாளர் யார் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எரிசக்திச் சந்தை ஆணையம் உரிமம் தரும் இவரை எல்லோரும் எல்.இ.டபிள்யூ. என்றுதான் சொல்வார்கள். பேனலுக்குள் சிக்னல் வயரை நகர்த்துவது ஒரு விஷயம். சப்ளை கேபிள், மெயின் எர்த், எர்த் பார், பிரேக்கர் எதையாவது தொடுவது வேறு விஷயம். அதெல்லாம் அவர் வழியாகத்தான். இங்கே மின் நிறுவலுக்கு எஸ்.எஸ். 638, எர்த்திங்குக்கு எஸ்.எஸ். 551 என்ற தர விதிகள் இருக்கின்றன. நீங்கள் அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் அவர் அவற்றைக் காட்டி “வேண்டாம்” என்றால் வாதாடாதீர்கள்.

இன்னொரு காகிதம் பலருக்கு மறந்துவிடும். நீங்கள் தொடும் சிக்னல் ஏதாவது இன்டர்லாக்கில் (ஒரு சிக்னலைப் பார்த்து வால்வையோ பம்பையோ தானாக இயக்கும் ஏற்பாடு) இருக்கிறதா? லெவல் சிக்னலைக் கழற்றியதும் வால்வு திறந்துகொண்டால் தொட்டி வழியும். உற்பத்திப் பிரிவிடம் அந்த இன்டர்லாக்கைத் தற்காலிகமாக விலக்கி வைக்கும் பைபாஸ் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு கழற்றுங்கள். வாய்வார்த்தை போதாது.

ஒயர் நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. சிங்கப்பூரில் 2009இல் மூன்று ஃபேஸ் நிறங்கள் பழுப்பு, கறுப்பு, சாம்பல் என்றும் நியூட்ரல் நீலம் என்றும் மாறின. அதற்கு முன் ஃபேஸ்கள் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கறுப்பு. பழைய ஆலையில் இரண்டு காலத்து வயரிங்கும் ஒரே டிரங்கிங்கில் (கேபிள்கள் போகும் பெட்டி வழி) கிடக்கும். கறுப்பைப் பார்த்து நியூட்ரல் என்றும் நீலத்தைப் பார்த்து நியூட்ரல் என்றும் நினைத்துக் கை வைக்கக் கூடாது. டெஸ்டரை முதலில் உயிருள்ள (மின்சாரம் இருக்கும்) ஓர் இடத்தில் சோதித்து, அப்புறம் இங்கே சோதித்து, மறுபடி உயிருள்ள இடத்தில் சோதித்த பிறகே தொடுங்கள்.

படி 3. பாதியாகப் பிரித்துப் பாருங்கள்

நாய்ஸ் வெளியிலிருந்து கேபிள் வழியாக வருகிறதா, பேனலுக்குள்ளேயே பிறக்கிறதா? இதற்கு லூப் கேலிபிரேட்டர் (டிரான்ஸ்மிட்டருக்குப் பதில் நாம் வேண்டிய கரண்டைக் கொடுக்கும் கருவி) ஒன்று போதும். ஃபீல்டிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் டெர்மினலில் கழற்றி, அந்த இடத்தில் கேலிபிரேட்டரை மாட்டி 12 மில்லி ஆம்பியர் கொடுங்கள், 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை போகும் சிக்னலின் நடு அளவு அது. பம்பை ஓட்டச் சொல்லுங்கள். திரை அசையாமல் பாதி அளவில் நின்றால் பேனல், கார்டு, பவர் சப்ளை எல்லாம் சரி. சிக்கல் வெளிக் கேபிளில்தான். அப்போதும் ஆடினால் வெளியே போகவே வேண்டாம், பேனலுக்குள் தேடுங்கள். இதற்கு அரை மணி நேரம். நான் மூன்று வாரம் செய்யாமல் விட்டது இந்த அரை மணி நேரத்து வேலையைத்தான்.

இரண்டாவது சோதனை: தரையில் தற்காலிகமாக வேறொரு ஸ்கிரீன் கேபிளை (கோர் ஒயர்களைச் சுற்றி உலோக உறை உள்ள கேபிள், அந்த உறைதான் ஸ்கிரீன்), டிரங்கிங்குக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத ஓரமாக ஓட்டி இணைத்துப் பாருங்கள். அளவு நின்றுவிட்டால் குற்றவாளி கேபிள் போகும் பாதை. மூன்றாவது: இன்வெர்ட்டரின் கேரியர் ஃப்ரீக்வென்சியை (அது உள்ளே சுவிட்ச் ஆகும் வேகம்), உதாரணமாக 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4க்கு, இறக்கிப் பாருங்கள். மோட்டார் கொஞ்சம் கீச்சிடும். ஆட்டம் குறைந்தால் இன்வெர்ட்டர்தான் ஊற்று என்று உறுதியாகிவிடும். பழைய மதிப்பைக் குறித்து வைக்காமல் மாற்றாதீர்கள்.

மல்டிமீட்டரில் ஒரு மயக்கம் உண்டு. நீளமான கேபிளில் யாரும் இணைக்காத ஒயரில்கூட 60, 80 வோல்ட் காட்டும். பக்கத்து ஒயரிலிருந்து கசிந்து வரும் பேய் வோல்டேஜ் அது. குறைந்த தடை உள்ள நிலைக்கு மீட்டரைத் திருப்பினால் விழுந்துவிடும். ஆனால் அந்தக் கசிவே ஏ.சி. இன்புட் கார்டை ஆன் நிலையில் பிடித்து வைக்கப் போதுமானது. லிமிட் சுவிட்ச் திறந்த பிறகும் விளக்கு மங்கலாக எரிந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 4. எர்த்: எதை ஒருபோதும் செய்யக் கூடாது

நாய்ஸ் என்றதும் யாராவது ஒருவர் வந்து, “இந்தப் பேனலுக்குத் தனி எர்த் ராட் அடிச்சு மெயின் எர்த்தைக் கழட்டிடு” என்பார். செய்யாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தனி ராடின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பேனலுக்குள் ஒரு ஃபேஸ் ஒயர் உரசி உலோகப் பெட்டியைத் தொடுகிறது. 230 வோல்டை 10 ஓமால் வகுத்தால் 23 ஆம்பியர். 32 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு விழாது. பெட்டி உயிரோடு நிற்கும், அடுத்து கதவைத் தொடுபவர் நம்மில் ஒருவர். பாதுகாப்பு எர்த் எப்போதும் ஆலையின் மெயின் எர்த்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும். நாய்ஸைக் குறைக்க எர்த்தை வெட்டும் எந்த யோசனையும் தவறு.

சரி, எர்த்தில் என்ன செய்யலாம்? நான்கு வேலை.

முதலாவது, பெயின்ட். கதவு, பின்தட்டு, கிளாண்ட் தட்டு எல்லாம் பெயின்ட் மேல் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். போல்ட் இருப்பதாலேயே எர்த் ஆகிவிடாது. தொடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே துரு தடுக்கும் பூச்சு தடவுங்கள். துவாஸில் கடல் காற்று, உப்பு. ஒரு வருடத்தில் பச்சை பிடித்த லக்குகளை நானே கழற்றியிருக்கிறேன். புதுப் பேனல் வாங்கும் வாய்ப்பு வந்தால் பின்தட்டு பெயின்ட் இல்லாத துத்தநாகப் பூச்சுத் தட்டாக இருக்கட்டும் என்று ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஒயருக்குப் பதில் பட்டை. ஒரு மீட்டர் ஒயரின் இண்டக்டன்ஸ் ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி. 50 ஹெர்ட்ஸில் அது ஒன்றுமே இல்லை, மீட்டரில் 0.1 ஓம் காட்டும். ஆனால் இன்வெர்ட்டர் கிளப்பும் நாய்ஸ் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் போகிறது. 10 மெகாஹெர்ட்ஸில் அதே ஒரு மீட்டர் ஒயர் 60 ஓமுக்கு மேல் தடுக்கும். “மீட்டரில் எர்த் நன்றாகத்தானே இருக்கிறது” என்று நாம் ஏமாறுவது இதனால்தான். கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே, இன்வெர்ட்டருக்கும் பின்தட்டுக்கும் நடுவே, குட்டையான அகலமான பின்னல் பட்டை போடுங்கள். நீளம் அகலத்தைப் போல் ஐந்து மடங்குக்குள் இருக்கட்டும். பச்சை மஞ்சள் ஒயரைக் கழற்ற வேண்டாம், அது பாதுகாப்புக்கு. பட்டை கூடுதல்.

மூன்றாவது, 24 வோல்ட் சப்ளையின் 0 வோல்ட். அதை எர்த்தோடு இணைத்திருந்தால் ஒரே ஓர் இடத்தில் இணைத்திருக்க வேண்டும். இரண்டு பேனலிலும் தனித்தனியாக இணைத்திருந்தால் நடுவே உள்ள 0 வோல்ட் ஒயரில் எர்த் கரண்ட் சுற்றும். 250 ஓம் வழியாக 1 முதல் 5 வோல்ட்டாக அளக்கும் இன்புட்டில் 0.1 வோல்ட் வித்தியாசம் வந்தாலே 2.5 சதவீதப் பிழை. 4 மீட்டர் தொட்டியில் அது 10 சென்டிமீட்டர்.

நான்காவது, இன்வெர்ட்டரின் எர்த் ஒயர். இன்வெர்ட்டரில் கசிவு கரண்ட் 3.5 மில்லி ஆம்பியரைத் தாண்டுவது சாதாரணம். அதனால் குறைந்தது 10 சதுர மி.மீ. செம்பு எர்த் ஒயர், இல்லையென்றால் இரண்டாவதாக இன்னொரு எர்த் ஒயர் வேண்டும். இதை எல்.இ.டபிள்யூ.விடம் காட்டிச் செய்யுங்கள்.

படி 5. கேபிள் போகும் பாதை

என் சிக்கலின் பாதி இங்கே இருந்தது. லெவல் கேபிளும் பம்பின் மோட்டார் கேபிளும் ஒரே டிரங்கிங்கில் 18 மீட்டர் ஒட்டிக்கொண்டே போயின. மோட்டார் கேபிள் ஸ்கிரீன் இல்லாத சாதாரணக் கேபிள்.

சிக்னல் கேபிளும் மோட்டார் கேபிளும் பக்கத்தில் பக்கத்தில் போனால் 300 மி.மீ. இடைவெளி விடுங்கள். இடமில்லையா, டிரங்கிங்குக்குள் எர்த் செய்த உலோகத் தடுப்பு வையுங்கள். குறுக்கே கடக்க வேண்டுமானால் 90 டிகிரியில் கடக்கட்டும். பேனலுக்குள்ளும் இதே விதி: இன்வெர்ட்டர் ஒரு பக்கம், பி.எல்.சி. மறுபக்கம். மிஞ்சிய கேபிளைச் சுருட்டி டிரங்கிங்குக்குள் திணிக்காதீர்கள், வெட்டுங்கள். பயன்படுத்தாத கோர்களை ஒரு முனையில் எர்த் செய்யுங்கள். தனியாகத் தொங்கும் கோர் ஆன்டெனா மாதிரி.

பாதை மாற்றும் வேலைக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். 18 மீட்டர் கேபிளை வேறு டிரேக்கு மாற்ற எங்கள் இருவருக்கும் ஒரு முழு நாள் ஆனது. உயரத்தில் வேலை என்றால் அதற்குத் தனிப் பெர்மிட். ஆலை நிற்கும் நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

படி 6. ஸ்கிரீனை எங்கே, எப்படிக் கட்டுவது

மறு பாதிச் சிக்கல் இது. கேபிளின் ஸ்கிரீனைத் தொட்டிப் பக்கமும் எர்த் செய்திருந்தார்கள், பேனல் பக்கமும் எர்த் செய்திருந்தார்கள். தொட்டியின் எர்த்தும் பேனலின் எர்த்தும் ஒரே வோல்டேஜில் இல்லாததால் ஸ்கிரீன் வழியாகவே கரண்ட் ஓடியது. மில்லி ஆம்பியர் அளக்கும் கசிவு கிளாம்ப் மீட்டரை ஸ்கிரீனைச் சுற்றிப் போட்டதும் எண் தெரிந்தது. சாதாரண கிளாம்ப் மீட்டர் இதைக் காட்டாது. கசிவு மீட்டர் விலை அதிகம், நீங்கள் வாங்க வேண்டாம், பராமரிப்புப் பிரிவில் கேளுங்கள்.

விதி இதுதான். 4-20 மில்லி ஆம்பியர், தெர்மோகப்பிள், பி.டி. 100 (இரண்டும் வெப்பநிலை சென்சர்கள்) போன்ற மெதுவான அனலாக் சிக்னல்களுக்கு ஸ்கிரீனைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். ஃபீல்டு பக்கம் வெட்டி, ஸ்லீவ் போட்டு மூடுங்கள், எதையும் தொடக் கூடாது. தயாரிப்பாளர் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டைக் கேளுங்கள். இன்வெர்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளில் நேர் எதிர்: இரண்டு பக்கமும் எர்த், அதுவும் முழு வட்டமாக. அங்கே பிரச்சினை மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது, நாய்ஸ் வந்த வழியே இன்வெர்ட்டருக்குத் திரும்ப ஸ்கிரீன்தான் பாதை.

முழு வட்டம் என்று சொல்வதைக் கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். நான் திறந்த பேனலில் ஸ்கிரீனை முறுக்கி, 15 சென்டிமீட்டர் வாலாக இழுத்து, பச்சை மஞ்சள் ஸ்லீவ் போட்டு டெர்மினலில் மாட்டியிருந்தார்கள். பார்க்க அழகாக இருக்கும். அந்த வால் உயர் ஃப்ரீக்வென்சியில் அடைத்த குழாய். சரியான முறை: கத்தியை மேலோடு மட்டும் வெட்டும்படி மெதுவாகச் சுற்றி, 2 சென்டிமீட்டர் உறையை உரியுங்கள். பின்னல் பளபளவென்று தெரியும். ஒரு கம்பிகூட அறுபடக் கூடாது. அந்த வெறும் பின்னல் மேல் உலோகக் கிளாம்பைப் போட்டு, பெயின்ட் இல்லாத தட்டில் இறுக்குங்கள். விரலால் கேபிளைத் திருப்பிப் பார்த்தால் அசையக் கூடாது, ஆனால் உள்ளே கோர் நசுங்கவும் கூடாது. ஸ்கிரீனை அதற்குப் பின் வெட்ட வேண்டாம், டெர்மினலுக்கு அருகே வரை கோர்களை மூடியபடியே போகட்டும். மோட்டார் பக்கம் ஸ்கிரீனைப் பிடிக்கும் உலோக கிளாண்ட் போடுங்கள். பிளாஸ்டிக் கிளாண்ட் போட்டால் செய்த வேலை எல்லாம் பாழ்.

படி 7. கிளம்பும் இடத்திலேயே அடக்குங்கள்

24 வோல்ட் டி.சி. ரிலே, சொலினாய்டு காயில்களுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு. வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். மாற்றிப் போட்டால் ஷார்ட். டயோடு போட்டால் காயில் விழச் சற்றுத் தாமதமாகும். பிரேக், பாதுகாப்புச் சர்க்யூட்டுகளில் அந்தத் தாமதம் ஆபத்து, அங்கே தயாரிப்பாளர் சொல்லும் சப்ரஸரை மட்டும் போடுங்கள். ஏ.சி. கான்டாக்டர் காயிலுக்கு டயோடு கூடவே கூடாது. கான்டாக்டர் மேலேயே சொருகும் ஆர்.சி. சப்ரஸர் கிடைக்கும், காயில் வோல்டேஜ் பார்த்து வாங்குங்கள்.

டயோடு, ஃபெரைட் எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கும். எனக்கு டயோடு, ஃபெரைட், கிளாம்ப், பின்னல் பட்டை எல்லாம் சேர்ந்து 60 வெள்ளிக்குள் முடிந்தது. தேவையில்லாமல் மாற்றிய டிரான்ஸ்மிட்டர் மட்டும் 1,000 வெள்ளிக்கு மேல். ஸ்கிரீன் உள்ள மோட்டார் கேபிள் சாதாரணக் கேபிளைவிட விலை கூடுதல். அதற்கு மேலதிகாரியிடம் கேட்கும்போது படி 1இல் எழுதிய நோட்டையும் படி 3இன் முடிவையும் சேர்த்துக் காட்டுங்கள். எங்களுக்கு ஒரே மின்னஞ்சலில் ஒப்புதல் கிடைத்தது அதனால்தான்.

இன்வெர்ட்டரின் இ.எம்.சி. ஃபில்டர் (நாய்ஸை எர்த்துக்கு வடிக்கும் வடிகட்டி) போட்டால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. (கசிவு கரண்டைக் கண்டால் சப்ளையை வெட்டும் சுவிட்ச்) விழ வாய்ப்புண்டு. அதற்காக ஃபில்டரின் எர்த்தைக் கழற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கழற்றாதீர்கள், எல்.இ.டபிள்யூ.விடம் பேசுங்கள். பல இன்வெர்ட்டர்களில் உள் ஃபில்டரை எர்த்தோடு இணைக்கும் ஒரு ஸ்க்ரூ இருக்கும். நியூட்ரல் எர்த் செய்த சப்ளையில் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று கையேட்டைப் பார்த்துச் சரிபாருங்கள். யாரோ எப்போதோ கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள்.

படி 8. ஆர்.எஸ். 485 கேபிள்கள்

ஆர்.எஸ். 485 என்பது கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் இணைப்பு. சுருக்கமாக: கேபிளின் இரண்டு கடைக்கோடியில் மட்டும் 120 ஓம் தடை, நடுவில் வேண்டாம். நட்சத்திரம் போலக் கிளை பிரிக்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓட்டுங்கள். இரண்டு சிக்னல் ஒயரோடு மூன்றாவதாக ரெஃபரன்ஸ் ஒயரும் போகட்டும். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் கேபிள் என்றால், இங்கே அடிக்கும் இடிமழைக்குச் செம்பு ஒயரை நம்பாதீர்கள், ஃபைபர் கேளுங்கள்.

படி 9. ஒன்று ஒன்றாக மாற்றி, டிராயிங்கில் ஏற்றுங்கள்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே பம்பை ஓட்டி, படி 1இன் நோட்டில் எழுதுங்கள். எங்கள் தொட்டியில் ஃபீல்டு பக்க ஸ்கிரீனைக் கழற்றியதும் 60 சென்டிமீட்டர் ஆட்டம் 25க்கு வந்தது, பாதை மாற்றியதும் 5க்கு, மோட்டார் கேபிளை ஸ்கிரீன் கேபிளாக மாற்றி இரு முனையும் கிளாம்ப் போட்டதும் கண்ணுக்குத் தெரியவில்லை. பி.எல்.சி.யில் ஃபில்டர் நேரத்தைக் கூட்டி ஆட்டத்தை மறைப்பது எளிது, அதை இதற்கெல்லாம் பிறகு வையுங்கள். முதலிலேயே கூட்டிவிட்டால் உண்மையான அளவு மாறுவதும் தாமதமாகத்தான் தெரியும்.

வேலை முடிந்ததும் டிராயிங்கில் சிவப்புப் பேனாவால் குறியுங்கள்: எந்த ஸ்கிரீன் எந்தப் பக்கம் எர்த், 0 வோல்ட் எங்கே எர்த், எந்தக் கேபிள் எந்த டிரேயில். தேதி போட்டுக் கையெழுத்திட்டு, ஒரு நகலைப் பேனல் கதவின் உள்பக்கப் பையில் வையுங்கள். ஃபீல்டு பக்கம் வெட்டி மூடிய ஸ்கிரீன் மேல் “இங்கே எர்த் செய்யாதே” என்று ஒரு டேக் கட்டுங்கள், ஆங்கிலத்திலும் தமிழிலும். இல்லையென்றால் அடுத்த ஷிஃப்டில் ஒரு நல்ல மனசுக்காரர் “எர்த் விட்டுப்போச்சு” என்று மாட்டிவிடுவார்.

பைபாஸை நீக்கி, உற்பத்திப் பிரிவிடம் கையெழுத்து வாங்கி, பூட்டை எடுத்து, பெர்மிட்டை மூடுங்கள். ஒரு மாதம் கழித்துக் கிளாம்புகளையும் எர்த் லக்குகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அதற்கும் பெர்மிட் வேண்டும், இப்போதே தேதி குறித்துவிடுங்கள்.